என் தளம் எங்கே போனது? வெப் சர்வரின் டிஃபால்ட் பக்கம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தளத்தின் பெயரை பிரவுசரில் அடித்தால் நம் முகப்புப் பக்கம் வரவேண்டும். அதற்குப் பதிலாக 'வெல்கம் டு என்ஜின்எக்ஸ்' என்றோ, '403 ஃபர்பிடன்' என்றோ, வெறும் கோப்புப் பட்டியலோ வந்து நின்றால் யாருக்கும் கை பதறும். அந்தப் பதற்றத்தில் சர்வரையே அழித்துவிட்டு மறுபடி நிறுவியவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா ஃபோல்டருக்கும், யாரும் எழுதலாம் என்ற 777 அனுமதி கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே வேண்டாம். பெரும்பாலும் ஒரு வரியை மாற்றினால் தீர்ந்துவிடும். எந்த வரி என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

வெப் சர்வர் என்பது பிரவுசர் கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் நிரல். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் மூன்றும் அந்த வகை. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரையில்) அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்கவேண்டும்.

டிஃபால்ட் பக்கம் என்று எதைச் சொல்கிறோம்?

இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் சொல்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, ஒரு ஃபோல்டரின் முகவரியை மட்டும் கேட்டால் சர்வர் எடுத்துக் கொடுக்கும் கோப்பு. நீங்கள் தளத்தின் பெயரை மட்டும் அடிக்கிறீர்கள், கோப்பின் பெயரைச் சொல்வதில்லை. சர்வர் தன்னிடம் உள்ள பெயர்ப் பட்டியலைப் பார்த்து, அதில் முதலில் கிடைப்பதைக் கொடுக்கிறது. இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் என்ற பெயர் 1990களின் தொடக்கத்தில் வந்த என்சிஎஸ்ஏ சர்வரின் வழக்கம். அதே காலத்து செர்ன் சர்வர் வெல்கம்.ஹெச்டிஎம்எல் என்ற பெயரைத் தேடியது, மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் டிஃபால்ட்.ஹெச்டிஎம் என்ற பெயரை வைத்துக்கொண்டது. எல்லாமே வெறும் வழக்கம்தான், கான்ஃபிக் என்னும் அமைப்புக் கோப்பில் நீங்கள் விரும்பிய பெயரை எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது, சர்வரை நிறுவியதும் அதுவே காட்டும் வரவேற்புப் பக்கம். 'இட் வொர்க்ஸ்' வகையறா. அது பிழை அல்ல. சர்வர் ஓடுகிறது, உங்கள் தளத்தை மட்டும் அது இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு முறையும் சர்வர் நான்கு கேள்விகளுக்கு வரிசையாக விடை தேடுகிறது. எந்தத் தளம்? எந்த ஃபோல்டர்? எந்தக் கோப்பு? அதைப் படிக்க எனக்கு அனுமதி இருக்கிறதா? திரையில் வந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தாலே எந்தக் கேள்வியில் அது தடுமாறியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் நான் செய்வது அதைத்தான்.

கோப்புகளை ஏற்றிவிட்டேன். இன்னும் 'அப்பாச்சி2 உபுண்டு டிஃபால்ட் பேஜ்' தான் வருகிறது. ஏன்?

முதல் அல்லது இரண்டாம் கேள்வியில் சிக்கியிருக்கிறது.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் இரண்டிலும் அப்பாச்சியின் இயல்பான ஃபோல்டர் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ஹெச்டிஎம்எல். முன்பு கடைசிப் பகுதி இல்லாமல் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ என்று மட்டும் இருந்தது. பழைய பாடங்களைப் பார்த்துக் கோப்புகளை ஒரு படி மேலே போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் வரவேற்புப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. முதலில் அதைச் சரிபாருங்கள்.

ஃபோல்டர் சரி என்றால், விர்ச்சுவல் ஹோஸ்டை, அதாவது ஒரே சர்வரில் உள்ள ஒவ்வொரு தளத்துக்குமான அமைப்பை, பாருங்கள். கேட்கப்பட்ட டொமைன் பெயர் எந்தத் தளத்தின் சர்வர்நேம் அல்லது சர்வர்அலையஸ் வரியோடும் பொருந்தவில்லை என்றால், அந்த போர்ட்டில் (இணைப்பு வரும் வாசல் எண்ணில்) முதலில் படிக்கப்பட்ட தளத்தையே அப்பாச்சி காட்டும். கோப்புகள் அகரவரிசையில் படிக்கப்படுவதால்தான் அந்தக் கோப்புக்கு '000-டிஃபால்ட்' என்று பெயர். டபிள்யூடபிள்யூடபிள்யூ சேர்த்த பெயர் வேலை செய்து, சேர்க்காத பெயரில் வரவேற்புப் பக்கம் வந்தால், சர்வர்அலையஸ் வரி விடுபட்டிருக்கிறது.

'அப்பாச்சி2சிடிஎல் -எஸ்' என்று அடித்தால் எந்தப் பெயருக்கு எந்தக் கோப்பு, எது டிஃபால்ட் என்று எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். இந்த ஒரு கட்டளையைத் தெரிந்துவைத்திருந்தால் பாதி நேரம் மிச்சம். உங்கள் தளம் அந்தப் பட்டியலிலேயே இல்லையா? 'ஏ2என்சைட்' போட்டு இயக்கிவிட்டு, அப்பாச்சியை ரீலோட் செய்யுங்கள். சைட்ஸ்-அவைலபிள் ஃபோல்டரில் கோப்பு இருந்தால் மட்டும் போதாது, சைட்ஸ்-எனேபிள்டு ஃபோல்டரில் அதற்கு இணைப்பு இருக்கவேண்டும்.

என்ஜின்எக்ஸிலும் இதே கதைதான். டிஃபால்ட்_சர்வர் என்று எந்த பிளாக்கில் (ஒரு தளத்துக்கான அமைப்புப் பகுதியில்) குறித்திருக்கிறதோ அதுவும், எங்குமே குறிக்கவில்லை என்றால் முதலில் வரும் பிளாக்கும் பெயர் பொருந்தாத கோரிக்கைகளை வாங்கிக்கொள்ளும். 'என்ஜின்எக்ஸ் -டி' என்று சின்ன டி போட்டால் கான்ஃபிக்கைச் சோதிக்கும். பெரிய டி போட்டால் சோதிப்பதோடு, படித்த எல்லாக் கோப்புகளையும் சேர்த்துக் காட்டும். எந்தக் கோப்பு உண்மையில் படிக்கப்படுகிறது என்ற சந்தேகம் அதில் தீர்ந்துவிடும்.

வேறு ஏதோ நிறுவனத்தின் பெயரோடு ஒரு பக்கம் வருகிறது. தளத்தை ஹேக் செய்துவிட்டார்களா?

அநேகமாக இல்லை. இந்த பயம் புதிதும் இல்லை. 2006 மார்ச்சில் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் டட்டில் என்ற சிறு நகரத்தின் இணையதளத்தில் திடீரென்று சென்ட்ஓஎஸ் இயங்குதளத்தின் அப்பாச்சி டெஸ்ட் பேஜ் வந்தது. சென்ட்ஓஎஸ் ஆட்கள் தளத்தைக் கைப்பற்றிவிட்டார்கள் என்று நம்பிய நகர மேலாளர், எஃப்பிஐயிடம் போவேன் என்று அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். உண்மையில் ஹோஸ்டிங் தரப்பில் சர்வர் அமைப்பு மாறியிருந்தது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல உதவியதும் சென்ட்ஓஎஸ் தரப்பினரே. ஒரு டிஃபால்ட் பக்கம் தொழில்நுட்பம் தெரியாத ஒருவரை எவ்வளவு கலங்கடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் எப்போதும் பொறுமையாகப் பேசுவேன்.

ரெட் ஹேட் லினக்ஸ் குடும்பத்தில் இந்தப் பக்கம் வருவது வெல்கம்.கான்ஃப் என்ற கோப்பால். தளத்தின் மூல ஃபோல்டரில் இண்டெக்ஸ் கோப்பு கிடைக்காதபோது, 403 (அனுமதி இல்லை) பிழைக்குப் பதிலாக அந்த டெஸ்ட் பக்கத்தைக் காட்டும்படி அதில் எழுதியிருக்கிறது. ஆகவே சென்ட்ஓஎஸ், ராக்கி, அல்மா போன்றவற்றில் டெஸ்ட் பக்கம் வந்தால் அதை ஒரு மாறுவேடமிட்ட 403 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை அழித்தால் அடுத்த அப்டேட்டில் திரும்ப வரக்கூடும். உள்ளே உள்ள வரிகளின் முன் ஹாஷ் குறி போட்டுவைப்பது நல்லது. அப்புறம் உண்மையான 403 தெரியும், அதைச் சரிசெய்யலாம்.

'403 ஃபர்பிடன்' வருகிறது. கோப்பு அங்கேதானே இருக்கிறது?

403 என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் குறைந்தது நான்கு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. திரையைப் பார்த்து ஊகிக்காதீர்கள், எரர் லாகை, அதாவது சர்வர் தன் பிழைகளை எழுதிவைக்கும் கோப்பை, திறந்து பாருங்கள். டெபியன், உபுண்டுவில் /வார்/லாக்/அப்பாச்சி2 ஃபோல்டரில் எரர்.லாக் என்று இருக்கும். 'டெயில் -எஃப்' போட்டு அதைத் திறந்துவைத்துக்கொண்டு, பிரவுசரில் ஒருமுறை ரீலோட் செய்யுங்கள். புதிதாக வரும் வரிதான் உங்களுக்கான விடை.

அந்த வரியில் ஏஹெச்01276 என்று இருந்தால், ஃபோல்டர் சரி, அனுமதியும் சரி, பட்டியலில் உள்ள பெயரில் கோப்பு ஒன்றும் இல்லை. எந்தெந்தப் பெயர்களைத் தேடியது என்பதையும் அடைப்புக்குறிக்குள் அதே வரியில் சொல்லும். உங்கள் கோப்பு ஹோம்.ஹெச்டிஎம்எல் என்றிருந்தால் பெயரை மாற்றுங்கள், அல்லது அந்தப் பெயர்ப் பட்டியல் இருக்கும் டைரக்டரிஇண்டெக்ஸ் வரியில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ஜின்எக்ஸில் இதே நிலைமைக்கு 'டைரக்டரி இண்டெக்ஸ் ஆஃப்' என்று தொடங்கி 'ஈஸ் ஃபர்பிடன்' என்று முடியும் வரி வரும்.

ஏஹெச்01630 என்றால் கான்ஃபிக்கே தடுத்திருக்கிறது. அப்பாச்சி 2.2 காலத்து 'ஆர்டர் அலவ், டினை' வரிகளை 2.4க்கு அப்படியே கொண்டுவந்தவர்களுக்கும், புது ஃபோல்டருக்கு அனுமதி வரி எழுதாதவர்களுக்கும் இது வரும். அந்த ஃபோல்டருக்கான டைரக்டரி பிளாக்கில் 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' என்று எழுதவேண்டும்.

ஏஹெச்00035 என்றால் வழியில் ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் சர்வரால் நுழைய முடியவில்லை. ஏதோ ஒன்று என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடைசி ஃபோல்டரின் அனுமதியை மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் சரியாக இருக்கிறதே' என்று உட்கார்ந்துவிடுகிறோம். வாசலில் பூட்டு இருந்தால் உள் அறை திறந்திருந்து என்ன பயன்? 'நேம்ஐ -எல்' என்ற கட்டளைக்குக் கோப்பின் முழுப் பாதையையும் கொடுத்தால், ஒவ்வொரு படியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்களின் அனுமதி 750 ஆனது. அதற்கு முன் ஹோம் ஃபோல்டருக்குள் தளத்தை வைத்து ஓட்டியவர்கள், புது சர்வருக்கு மாறியதும் காரணம் புரியாமல் 403 வாங்கினார்கள்.

அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் 'பெர்மிஷன் டினைடு' என்றே வருகிறதா? ரெட் ஹேட் குடும்பம் என்றால், ஒவ்வொரு கோப்புக்கும் ஒட்டிய லேபிளைப் பார்த்து அனுமதிக்கும் எஸ்இலினக்ஸ் என்னும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கைச் சந்தேகியுங்கள். ஹோம் ஃபோல்டரிலிருந்து 'எம்வி' போட்டு நகர்த்திய கோப்பு தன் பழைய லேபிளோடு வந்துவிடும். 'சிபி' போட்டு நகலெடுத்தால் புது இடத்தின் லேபிள் ஒட்டிக்கொள்ளும். தளத்தின் ஃபோல்டர் மேல் 'ரெஸ்டோர்கான் -ஆர்வி' ஓட்டினால் சரியாகிவிடும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள்.

777 கொடுத்தால் வேலை செய்கிறதே, அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. 777 என்றால் அந்த இயந்திரத்தில் உள்ள எந்தப் பயனரும், எந்த நிரலும் உங்கள் பக்கத்தை மாற்றி எழுதலாம். முகப்புப் பக்கத்தைக் காட்டச் சர்வருக்குப் படிக்கும் அனுமதி போதும், எழுதும் அனுமதி தேவையே இல்லை. ஃபோல்டருக்கு 755, கோப்புக்கு 644. இதில் வேலை செய்யவில்லை என்றால் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது.

இண்டெக்ஸ்.பிஹெச்பி ஏற்றியும் பழைய பக்கமே வருகிறது?

பட்டியலில் வரிசை முக்கியம். டெபியன், உபுண்டுவில் டிஐஆர்.கான்ஃப் கோப்பைத் திறந்து பார்த்தால் வழக்கமாக இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் முதலில் இருக்கும், இண்டெக்ஸ்.பிஹெச்பி பின்னால் வரும். இரண்டும் ஃபோல்டரில் இருந்தால் முதலாவதுதான் ஜெயிக்கும். வேர்ட்பிரஸ் நிறுவியபின்னும் 'விரைவில் வருகிறோம்' பக்கமே தெரிவதற்கு இதுதான் காரணம். பழைய கோப்பை அழித்துவிடுவது எளிது, வரிசையை மாற்றுவது நிரந்தரம்.

ஒரு நுணுக்கம்: ஒரே இடத்தில் டைரக்டரிஇண்டெக்ஸ் வரியை இரண்டுமுறை எழுதினால் இரண்டாவது முதலாவதை அழிக்காது, அதன் பின்னால் போய்ச் சேரும். 'கீழே எழுதியதுதான் செல்லும்' என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பழைய வரியையே திருத்துங்கள்.

என்ஜின்எக்ஸ் எதுவும் சொல்லாவிட்டால் இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் ஒன்றைத்தான் தேடும். பிஹெச்பி தளம் என்றால் இண்டெக்ஸ் வரியில் நீங்களே சேர்க்கவேண்டும். சேர்த்தபின் பக்கம் திறக்காமல் டவுன்லோட் ஆகிறதா? கோப்பைக் கண்டுபிடித்துவிட்டது, அதை பிஹெச்பியிடம் ஒப்படைக்கும் லொகேஷன் பிளாக்தான் இல்லை. உடனே தளத்தை நிறுத்துங்கள், ஏனென்றால் டேட்டாபேஸ் கடவுச்சொல் உள்ள கோப்பும் இதே மாதிரி வெளியே போகும்.

.ஹெச்டிஆக்சஸ் கோப்பில் எழுதினேன், எந்த மாற்றமும் இல்லையே?

.ஹெச்டிஆக்சஸ் என்பது ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும் அமைப்புக் கோப்பு. அதைப் படிக்கலாமா என்று தீர்மானிக்கும் அலவ்ஓவர்ரைட் வரி அப்பாச்சி 2.4ல் இயல்பாகவே 'நன்'. அதாவது அந்தக் கோப்பைச் சர்வர் எட்டிக்கூடப் பார்க்காது. சோதிக்க எளிய வழி: அதில் வேண்டுமென்றே ஒரு பொருளற்ற சொல்லை எழுதுங்கள். 500 பிழை வந்தால் படிக்கிறது, ஒன்றும் நடக்காவிட்டால் படிக்கவில்லை. பார்த்ததும் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். டைரக்டரிஇண்டெக்ஸ் மாற்றத்துக்கு 'அலவ்ஓவர்ரைட் இண்டெக்ஸஸ்' போதும். சர்வரே உங்கள் கையில் இருந்தால் முதன்மை கான்ஃபிக்கிலேயே எழுதிவிடுங்கள். என்ஜின்எக்ஸ் இந்தக் கோப்பை எப்போதும் படிப்பதில்லை.

என் கணினியில் ஓடுகிறது, சர்வரில் 'நாட் ஃபவுண்ட்' வருகிறது?

விண்டோஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றே, லினக்ஸில் வேறு வேறு. பெரிய ஐ போட்டு எழுதிய இண்டெக்ஸ் கோப்பை லினக்ஸ் சர்வர் அடையாளம் காணாது. அப்புறம், விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துவைப்பதால், நோட்பேடில் சேமித்தது இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்.டிஎக்ஸ்டி ஆகியிருக்கும். சர்வரில் 'எல்எஸ் -எல்ஏ' போட்டு முழுப் பெயரைப் பாருங்கள்.

என்ஜின்எக்ஸில் இன்னொன்று. எதையெல்லாம் வரிசையாகத் தேடவேண்டும் என்று சொல்லும் டிரை_ஃபைல்ஸ் வரியில், கேட்கப்பட்ட பாதையைக் குறிக்கும் 'யுஆர்ஐ' மாறியை அடுத்து, சாய்கோட்டோடு அதே மாறி மறுபடி வரும். தேவையில்லாத நகல் என்று நினைத்து அதை நீக்கிவிடுகிறார்கள். ஃபோல்டரைப் பார், அதன் இண்டெக்ஸைக் கொடு என்று சொல்வதே அந்தச் சாய்கோடுதான். நீக்கினால் முகப்பே 404 ஆகும்.

ரியாக்ட், வியூ போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் செய்த தளத்தில் முகப்பு வந்து, உள்பக்கத்தை ரீலோட் செய்தால் 404 வருவது வேறு வகை. அந்த உள்பக்கத்துக்குச் சர்வரில் கோப்பே கிடையாது. டிரை_ஃபைல்ஸின் கடைசியில் /இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் என்று கொடுங்கள். அப்பாச்சியில் ஃபால்பேக்ரிசோர்ஸ் வரி அதைச் செய்யும்.

ஐஐஎஸ்ஸில் 403.14 என்று வருகிறது?

டிஃபால்ட் டாக்குமெண்ட் பட்டியலில் உள்ள எந்தப் பெயரும் ஃபோல்டரில் இல்லை. பட்டியலில் டிஃபால்ட்.ஹெச்டிஎம், டிஃபால்ட்.ஏஎஸ்பி, இண்டெக்ஸ்.ஹெச்டிஎம், இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல், ஐஐஎஸ்ஸ்டார்ட்.ஹெச்டிஎம் இருக்கும். ஐஐஎஸ் மேனேஜரில் உங்கள் பெயரைச் சேர்த்து மேலே நகர்த்துங்கள். பிழைப் பக்கமே 'டைரக்டரி பிரவுசிங்கை இயக்கு' என்று ஒரு யோசனை சொல்லும். அதைச் செய்யாதீர்கள், கோப்புப் பட்டியல் ஊருக்கே தெரியும். ஏஎஸ்பி.நெட் எம்விசி தளத்தில் இண்டெக்ஸ் கோப்பே இருக்காது. அங்கே 403.14 வந்தால் முகவரியை நிரலோடு இணைக்கும் ரௌட்டிங் ஓடவில்லை என்று பொருள், பப்ளிஷ் முழுமையாக நடந்ததா என்று பாருங்கள்.

வெப்.கான்ஃபிக்கில் பெயரைச் சேர்த்ததும் 500.19 வருகிறதா? மேல்மட்டப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பெயரை மறுபடி சேர்த்திருக்கிறீர்கள். ஃபைல்ஸ் பகுதியின் தொடக்கத்தில் 'கிளியர்' போட்டுவிட்டு உங்கள் பட்டியலை முழுதாக எழுதுங்கள்.

எனக்குச் சரியாக வருகிறது, வாடிக்கையாளருக்கு மட்டும் டிஃபால்ட் பக்கம் வருகிறதாம்?

என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது இந்த வகைதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு நண்பரின் தளத்தைப் புது சர்வருக்கு மாற்றினேன். வீட்டு பிராட்பேண்டில் புதுத் தளம் வந்தது, கைபேசி டேட்டாவில் வரவேற்புப் பக்கம் வந்தது. கேஷ் (சேமித்துவைத்த பழைய நகல்) என்று நினைத்து ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். கடைசியில் பார்த்தால், டொமைன் பெயருக்குச் சர்வரின் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் ஐபிவி4க்கான ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றியிருந்தோம், நான்கு ஏ போட்ட ஐபிவி6 ரெக்கார்ட் பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. கைபேசி ஐபிவி6 வழியாகப் போனது, வீட்டு இணைப்பு ஐபிவி4 வழியாக. 'கர்ல்' கட்டளையில் -4 போட்டு ஒருமுறை, -6 போட்டு ஒருமுறை கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஐபிவி6ல் புது சர்வருக்கே வந்தும் இது நடக்கலாம். என்ஜின்எக்ஸில் 'லிசன் 80' மட்டும் எழுதி, ஐபிவி6க்கான லிசன் வரியை விட்டுவிட்டால் அந்தக் கோரிக்கைகள் டிஃபால்ட் தளத்துக்குப் போகும்.

அடுத்து ஹெச்டிடிபிஎஸ். 80ஆம் போர்ட்டுக்குத் தளத்தை எழுதிவிட்டு 443க்கு எழுதாமல் விட்டால், ஹெச்டிடிபிஎஸ்ஸில் வருபவருக்கு அந்த போர்ட்டின் முதல் தளம் கிடைக்கும், பெரும்பாலும் சான்றிதழ் எச்சரிக்கையோடு. அதற்கும் அப்புறம்தான் கேஷ். 301 வகைத் திசைதிருப்பலை பிரவுசர் நெடுநாள் நினைவில் வைத்திருக்கும். பிரைவேட் விண்டோவிலோ 'கர்ல் -ஐ' கட்டளையில் பெரிய ஐ போட்டோ சோதிப்பது நம்பகமானது.

முகப்புக்குப் பதிலாகக் கோப்புப் பட்டியல் தெரிகிறது. ஆபத்தா?

ஆமாம். முதலில் அதை மூடுங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம். அப்பாச்சியில் 'ஆப்ஷன்ஸ் -இண்டெக்ஸஸ்', என்ஜின்எக்ஸில் 'ஆட்டோஇண்டெக்ஸ் ஆஃப்'. டேட்டாபேஸ் பேக்கப், ஜிப் கோப்புகள் அந்த ஃபோல்டரில் இருந்திருந்தால் அவற்றை வெளியே எடுத்து, அவற்றில் உள்ள கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். தேடுபொறிகள் இந்தப் பட்டியல்களைச் சேகரிக்கின்றன, பட்டியலை மூடியபின்னும் கோப்பின் நேரடி முகவரி வேலை செய்யும்.

முகவரியிலிருந்து இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்லை நீக்க ரீடைரக்ட் எழுதினேன், முடிவில்லாமல் சுற்றுகிறது?

மூல முகவரியைக் கேட்டால் சர்வர் உள்ளுக்குள் இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் என்று மாற்றிக்கொள்கிறது. உங்கள் விதி அதையும் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது, மறுபடி அதே சுற்று. பயனர் உண்மையில் கேட்ட வரியை மட்டும் பார்க்கும்படி நிபந்தனை வையுங்கள்: அப்பாச்சியில் 'தி_ரிக்வெஸ்ட்', என்ஜின்எக்ஸில் 'ரிக்வெஸ்ட்_யுஆர்ஐ'.

ஷேர்டு ஹோஸ்டிங்தான் இருக்கிறது, டெர்மினல் கிடையாது. உதவி கேட்டு எழுதும்போது என்ன சொல்வது?

உங்கள் ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகை சிபேனல் என்றால் முதன்மை டொமைனின் கோப்புகள் பப்ளிக்_ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்குள் நேராக இருக்கவேண்டும். ஜிப்பை விரித்தபோது உள்ளே இன்னொரு ஃபோல்டர் உருவாகி, தளம் அதற்குள் கிடப்பது ரொம்ப சாதாரணம். கூடுதல் டொமைன் என்றால் அதன் டாக்குமெண்ட் ரூட் எது என்று டொமைன்ஸ் பகுதியில் பாருங்கள். 'எரர்ஸ்' பகுதியில் அண்மைய லாக் வரிகளும் கிடைக்கும்.

அப்படியும் தீரவில்லை என்றால், 'தளம் வரவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த முகவரியை அடித்தீர்கள், ஹெச்டிடிபிஎஸ் சேர்த்தா சேர்க்காமலா, திரையில் வந்த சொற்கள் அப்படியே என்ன, எத்தனை மணிக்கு, கோப்பு இருக்கும் முழுப் பாதை எது, கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். மணி இருந்தால் லாகில் உங்கள் வரியை அவர்கள் உடனே தேடி எடுத்துவிடுவார்கள்.